திரையில் கண்ட தான்சேனும் சரித்திரத் தான்சேனும்

குளிக்கும்போது சற்று உரக்கப் பாடிவிட்டால் போதும், தான்சேன் என்று நினைப்போ என்று அடுத்த அறைக்காரர் கேலி செய்வார். வட இந்தியாவில் இது சகஜம். சங்கீதத்தில் அரிச்சுவடி தெரியாதவர்களும் அறிந்த பெயர் அது. வேலை தேடி பம்பாய்க்கும் டில்லிக்கும் வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரை முதலில் அறிந்துகொண்டது சினிமாக் கொட்டகையில்தான்.

1943-ல் ரஞ்சித் மூவிடோன் எடுத்த 'தான்சேன்' படத்தில் கே.எல். சைகல் தான்சேனாக நடித்துப் பாடினார். 1952-ல் விஜய் பட் டைரக்ட் செய்த 'பைஜு பாவ்ரா' வந்தது. 1960-ல் கே. ஆஸிஃபின் 'முகலே ஆஸம்' வந்தது. மறு வருஷமே அது 'அக்பர்' என்ற பெயரில் தமிழ் பேசியது. 1962-ல் எஸ்.என். திரிபாதியின் 'சங்கீத் சாம்ராட் தான்சேன்' வெளியாயிற்று. இந்த நான்கு படங்களின் பாட்டுக்களும் இன்றும் காதில் ஒலிக்கின்றன. ஆனால் இவற்றைப் பார்த்து தான்சேனைத் தெரிந்துகொண்டோம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அந்த மனிதரின் வயது, குணம், காலம், அவர் பாடிய முறை எல்லாமே திரையில் மாறிவிட்டன.

தான்சேன் கற்பனைப் பாத்திரம் அல்ல. அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. அக்பரின் மந்திரி அபுல் ஃபஸல் 'அக்பர் நாமா', 'அயினி அக்பரி' என்ற இரண்டு நூல்களில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இந்தக் குறிப்புகளில் தெரியும் தான்சேன் திரையில் கண்டவரைவிட எளிமையானவர், நம் மனதுக்கு நெருக்கமானவர்.

குவாலியர் வளர்த்த பிள்ளை

தான்சேன் சுமார் 1500-ஐ ஒட்டிப் பிறந்தவர். சொந்த ஊர் குவாலியருக்குப் பக்கத்தில் உள்ள பேஹட் என்ற கிராமம் என்பார்கள். பிராமணக் குடும்பம், இளமைப் பெயர் ராம்தனு என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி.

அந்தக் காலத்தில் குவாலியர் வடநாட்டுச் சங்கீதத்தின் தலைநகரம். 1486 முதல் 1516 வரை அங்கே ஆண்ட ராஜா மான்சிங் தோமர், துருபத் என்னும் பாட்டு முறையை ஆதரித்து வளர்த்தவர். அதுவரை பண்டிதர்களுக்கே விளங்கிய சங்கீதம், ஊர் ஜனங்கள் பேசும் பாஷையில் சாகித்தியம் பெற்றது அவர் காலத்தில்தான். இசை இலக்கணம் பற்றிய 'மான் குதூகல்' என்ற நூலும் அவர் சபையில் உருவானதே. அந்த ஊர்க் காற்றில் வளர்ந்த தான்சேன் துருபத் பாடகராகவே ஆனார். கடைசிவரை துருபத் பாடகராகவே இருந்தார்.

தான்சேனின் குரு பிருந்தாவனத்து சுவாமி ஹரிதாஸ் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. குவாலியரில் வாழ்ந்த சூஃபி ஞானி முகமது கவுஸ் மீதும் தான்சேனுக்கு ஆழ்ந்த பக்தி உண்டு என்பார்கள். தான்சேன் பெயரில் வழங்கும் பாட்டுக்களில் சிவனும் வருகிறார், கண்ணனும் வருகிறார். அவருடைய உடல் அடக்கமாகியிருப்பதோ கவுஸின் சமாதிக்கு அருகில். எந்த மதத்தவரும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாட இடமிருக்கிறது.

நம் பக்கத்து ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் காலம் இன்னும் தெளிவாகும். கர்நாடக சங்கீத பிதாமகர் என்று நாம் போற்றும் புரந்தரதாசர் தான்சேனின் சமகாலத்தவர். அவர் மறைந்தது 1564-ல். தியாகராஜ சுவாமிகள் பிறப்பதற்கு அதன்பின் இருநூறு ஆண்டுகள் ஆயின.

ஓய்வு பெறும் வயதில் வந்த உத்தரவு

தான்சேன் வாழ்க்கையின் பெரும்பகுதி அக்பர் சபையில் கழிந்ததாகவே படங்கள் காட்டுகின்றன. உண்மையில் அவர் பேரும் புகழும் பெற்றது ரேவாப் பகுதியை ஆண்ட ராஜா ராமசந்திர பகேலாவின் ஆதரவில். ராமசந்திரர் ஒரே சமயத்தில் அவருக்கு ஒரு கோடி டங்கா வெகுமதி தந்ததாக ஒரு செய்தி உண்டு. சூர் வம்சத்து இப்ராஹிம், தான்சேனை ஆக்ராவுக்கு வரவழைக்க முயன்றும் பலிக்கவில்லை. தான்சேன் அந்த ராஜாவை விட்டு நகரவில்லை.

1562-ல் அக்பரின் ஆள் ஜலால் கான் குர்ச்சி, தான்சேனைக் கேட்டு ராமசந்திரரிடம் வந்தார். அப்போது தான்சேன் உலக விவகாரங்களிலிருந்து ஒதுங்கி அமைதியாக வாழ விரும்பியிருந்தார் என்று அபுல் ஃபஸலே எழுதுகிறார். ஆனால் மொகலாயப் படைக்கு முன் ராமசந்திரர் சின்ன ராஜா. மறுக்க அவருக்குத் திராணி இல்லை. வாத்தியங்களையும் பரிசுகளையும் கொடுத்துத் தம் பிரியமான பாடகரை அனுப்பிவைத்தார். ஏழு வருஷம் கழித்து, 1569-ல், ராமசந்திரர் கலிஞ்சர் கோட்டையையும் அக்பரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பாடகர் முதலில் போனார், கோட்டை பிறகு போயிற்று.

இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஓய்வு பெற்று ஊரோடு இருக்கலாம் என்று நினைத்தவருக்கு வந்த மாற்றல் உத்தரவு அது. உத்தரவு போட்டவர் சக்கரவர்த்தி. மனுப் போட்டு ரத்து செய்ய வழியில்லை. அறுபதை ஒட்டிய வயதில் மூட்டை கட்டிக்கொண்டு, பழக்கமில்லாத பெரிய ஊருக்குப் புறப்பட்டார் தான்சேன்.

வயதுக் கணக்கில் தலைகீழ்

திரைப்படங்களின் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது. படங்களில் அக்பர் நடுத்தர வயதைத் தாண்டிய கம்பீர புருஷர். தான்சேன் காதலிக்கும் வயதுடைய கதாநாயகன். அக்பர் தந்தையைப் போல ஆசனத்தில் அமர்ந்திருப்பார். தான்சேன் மகனைப் போல வணங்கிப் பாடுவார்.

நடந்தது தலைகீழ். அக்பர் பிறந்தது 1542 அக்டோபரில். தான்சேன் ஆக்ராவுக்கு வந்தபோது சக்கரவர்த்திக்கு இருபது வயதுகூட நிரம்பியிருந்தால் அதிகம். பாடகருக்கோ அவருடைய பாட்டனார் வயது இருக்கும். முதல் கச்சேரியைக் கேட்ட அந்த வாலிபர் இரண்டு லட்சம் ரூபாய் வெகுமதி தந்தார் என்பது பதிவான செய்தி. ஓர் இளைஞன் ஒரு கிழவரின் பாட்டில் சொக்கிப்போன காட்சியை நான்கு படங்களில் ஒன்றிலும் நாம் பார்க்கவில்லை. சினிமாவுக்குக் கதாநாயகனும் கதாநாயகியும் வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு யார் டூயட் வைப்பார்கள்?

பைஜுவுடன் போட்டி நடந்ததா?

வயது மாறியது போகட்டும். 'பைஜு பாவ்ரா' படம் தான்சேனின் குணத்தையே மாற்றிவிட்டது. தம்மைவிட நன்றாகப் பாடுகிறவர் தவிர வேறு யாரும் நகரத்தில் பாடக் கூடாது என்று தான்சேன் தடை போட்டிருப்பார். பாடிக்கொண்டு வந்த பைஜுவின் தகப்பனார் காவலாளிகளோடு ஏற்பட்ட கைகலப்பில் உயிர் விடுவார். மகன் வளர்ந்து, அக்பர் சபையில் தான்சேனோடு போட்டி போட்டு, சலவைக் கல்லைப் பாட்டால் உருக வைத்து ஜெயிப்பான்.

பைஜு என்ற பெரிய பாடகர் இருந்தார் என்பதைப் பழைய மரபு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவரை எந்தச் சபையோடு இணைத்துச் சொல்கிறார்கள்? ஒன்று குவாலியர் மான்சிங் சபை. அந்த ராஜா இறந்தது 1516-ல். இன்னொன்று குஜராத் சுல்தான் பகதூர் ஷாவின் சபை. அவர் இறந்தது 1537-ல். பைஜுவின் ஆதரவாளர்கள் இருவரும் கண்மூடிய பிறகுதான் அக்பர் பிறந்தார். தான்சேனுக்கு மூத்த தலைமுறைக்காரரான பைஜு, 1562-க்குப் பிறகு துள்ளும் வாலிபராக வந்து போட்டி போட்டிருக்க முடியாது.

தடை உத்தரவுக் கதையும் நிற்காது. அக்பர் சபையின் முக்கிய சங்கீத வித்வான்கள் 36 பேரின் பட்டியலை 'அயினி அக்பரி' தருகிறது. முதல் பெயர் தான்சேன். பாஜ் பகதூர் பெயரும் உண்டு. மாளவ ராஜ்யத்தை அக்பரிடம் இழந்து, பிறகு அதே சக்கரவர்த்தியிடம் பாடகராக அமர்ந்தவர் அவர். தான்சேனின் மகன் தான்தரங் கானும் இருக்கிறார். குவாலியர்க்காரர்கள் ஏராளம். ஹெராத்திலிருந்தும் மஷ்ஹதிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. பைஜுவின் பெயர் மட்டும் இல்லை. இந்துக்கள், ஈரானியர், துரானியர், காஷ்மீரிகள், ஆண்கள், பெண்கள் என்று வித்வான்கள் நிறைந்திருந்ததாகவும், அவர்களை ஏழு குழுக்களாகப் பிரித்துக் கிழமைக்கு ஒரு குழு என்று முறை வைத்திருந்ததாகவும் அபுல் ஃபஸல் சொல்கிறார். முறை வைத்து இத்தனை பேர் பாடிய சபையில், பிறர் பாடக் கூடாது என்று ஒருவர் தடை போட்டார் என்றால் நம்ப முடியுமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் படத்தில் பைஜுவுக்காக முகமது ரஃபி கடவுளை நோக்கி உருகிப் பாடும் பாட்டைக் கேட்டு அழாதவர் இல்லை. அது தர்பாரி கானடா ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்தை உருவாக்கியவர் தான்சேன் என்பதே வடநாட்டு மரபு. தான்சேனை வில்லனாக்கிய படம், ஜனங்களின் கண்ணீரைப் பெற அவர் ராகத்தையே நாடியிருக்கிறது.

தீபமும் மழையும்

தான்சேன் தீபக் ராகம் பாட, விளக்குகள் தாமாக எரிந்தன. அந்த வெப்பத்தில் அவர் உடலும் தகித்தது. மழை ராகம் பாடி அவரைக் காப்பாற்றினார்கள். இந்தக் கதையைத்தான் 1943 படம் உச்சக் காட்சியாக வைத்தது. சைகல் விளக்கேற்றும் பாட்டைப் பாட, இடைச்சிப் பெண்ணாக வந்த குர்ஷித் மழைப் பாட்டைப் பாடினார். கேம்சந்த் பிரகாஷின் இசையில் இரண்டும் அமரப் பாட்டுக்கள்.

அபுல் ஃபஸல் இப்படி ஒரு சம்பவத்தை எழுதவில்லை. சக்கரவர்த்தியின் சபையில் விளக்குகள் தாமாக எரிந்திருந்தால், ஒன்றுவிடாமல் எழுதும் அந்த மந்திரி அதை விட்டிருக்க மாட்டார். ஆயிரம் ஆண்டுகளில் இவரைப் போன்ற பாடகர் இந்தியாவில் தோன்றவில்லை என்ற கருத்தை மட்டும் அவர் பதித்து வைத்தார். விளக்குக் கதையைவிடப் பெரிய பாராட்டு அது.

காதில் விழும் பிழை

கண்ணுக்குத் தெரியும் பிழைகளைவிட, காதில் விழும் பிழைகள் அதிகம். மொகலாய சபைக் காட்சி என்றால் நம் படங்களில் தபலா அதிரும், சிதார் கொஞ்சும், பின்னால் வயலின்கள் கூட்டமாக இழையும். தபலாவும் சிதாரும் உருப்பெற்றது 18-ம் நூற்றாண்டில்; தான்சேன் காலத்துக்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல். அவருக்கு வாசித்திருக்கக் கூடிய தாள வாத்தியம், நம் மிருதங்கத்துக்கு உறவான பக்காவஜ். அபுல் ஃபஸல் பட்டியலில் உள்ளவை பீன் என்ற வடநாட்டு வீணை, சுரமண்டல், கிச்சக், தம்பூர், நெய் என்ற புல்லாங்குழல், சுர்னா முதலியவை. சிதார் இல்லை.

பாட்டு முறையும் அப்படியே. 'பைஜு பாவ்ரா'வில் தான்சேனுக்குப் பின்னணி பாடியவர் உஸ்தாத் அமீர் கான். பைஜுவுக்குப் போட்டிக் காட்சியில் பாடியவர் டி.வி. பலூஸ்கர். 'முகலே ஆஸ'மில் தான்சேனுக்காகப் பாடியவர் உஸ்தாத் படே குலாம் அலி கான். பாட்டு ஒன்றுக்கு 25,000 ரூபாய் வாங்கினார் என்பது பிரசித்தம். மூவரும் கயால் முறையில் மேதைகள். கயால் சபைகளில் ஓங்கியது 1719 முதல் 1748 வரை ஆண்ட முகமது ஷா காலத்தில். தான்சேன் பாடிய துருபத் நிதானமும் கனமும் கொண்டது. இரண்டு படங்களிலும் தான்சேனாக வாயசைத்தவர் ஒரே நடிகர், சுரேந்திரா. அவரே ஒரு காலத்தில் பாடும் நட்சத்திரம் என்பது குறிப்பிடத்தக்கது. 1952-ல் பைஜுவாக வந்து தான்சேனைத் தோற்கடித்த பரத் பூஷண், 1962-ல் தாமே தான்சேனாக வந்தார்.

ராகப் பெயரிலும் நம்மவர்கள் ஏமாறக் கூடும். மியான் கி தோடி என்ற ராகம் தான்சேன் பெயரால் வழங்குகிறது. தோடி என்றதும் நம் தோடியைத் தேடினால் கிடைக்காது. அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளிக்குப் பொருந்துபவை. மியான் கி மல்ஹாரும் அவர் பெயர் சொல்லும் மழைக்கால ராகமே.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்குப் போக வசதியில்லாத மில் தொழிலாளியும் ஆபீஸ் பையனும் அமீர் கானையும் படே குலாம் அலியையும் கேட்டது இந்தப் படங்களால்தான். பலூஸ்கர் படம் வந்த மூன்றே ஆண்டில், 1955-ல், 34 வயதில் காலமானார். சரித்திரத்துக்குத் துரோகம் செய்த படம், அந்தக் குரலைக் கோடிக் கணக்கானவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சலீமுக்குப் பாடினாரா?

'முகலே ஆஸ'மில் சலீமும் அனார்கலியும் தனித்திருக்கும் இரவில், எங்கோ அமர்ந்து தான்சேன் பாடுவார். இந்தியத் திரையின் அழகான காட்சிகளில் ஒன்று. அனார்கலி கதையே செவிவழிச் செய்தி. லாகூரில் அவள் சமாதி என்று சொல்லப்படும் கட்டடத்தில் 1599, 1615 ஆகிய ஆண்டுகளைக் குறிக்கும் பொறிப்புகள் உள்ளன. கதை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 1599-க்குப் பத்து ஆண்டுகள் முன்பே தான்சேன் இறந்துவிட்டார்.

சலீமையும் தான்சேனையும் சேர்த்துக் காட்டும் உண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது. சொன்னவர் சலீமே, அதாவது பின்னாளைய ஜஹாங்கீர். பிள்ளையில்லாத அக்பருக்குப் பிள்ளை பிறக்கும் என்று வாழ்த்தியவர் ஷேக் சலீம் சிஷ்டி. 1569-ல் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெரியவரின் பெயரே இடப்பட்டது. 1572-ல் பெரியவர் மரணப் படுக்கையில் விழுந்தபோது, தான்சேன் வந்து பாட வேண்டும் என்று சக்கரவர்த்திக்குச் சொல்லி அனுப்பினார். தான்சேன் போய்ப் பாடினார். பாட்டைக் கேட்டபின் பெரியவர் தம் தலைப்பாகையை எடுத்து, மூன்று வயது நிறையாத குழந்தை சலீமின் தலையில் வைத்தார்.

உயிர் பிரியும் நேரத்தில் ஒரு ஞானி மருந்து கேட்கவில்லை; தான்சேனின் பாட்டைக் கேட்டார். இதைவிட ஒரு பாடகருக்கு என்ன பெருமை வேண்டும்? எந்த டைரக்டரும் கற்பனை செய்ய வேண்டாத காட்சி, சரித்திரத்திலேயே தயாராக இருக்கிறது.

கல்யாண ஊர்வலம் போல

1589 ஏப்ரலில் தான்சேன் காலமானார். இசையே அழிந்ததுபோல அக்பர் வருந்தினார் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அனைவரும் உடலோடு செல்ல வேண்டும், கல்யாண ஊர்வலத்தில் போவதுபோலப் பாடியும் வாசித்தும் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. இருபது வயதில் அவரை வரவழைத்த அக்பர், நாற்பத்தாறு வயதில் அவரை வழியனுப்பினார். இடையில் 27 ஆண்டுகள். தன் விருப்பத்தைக் கேளாமல் கொண்டுவரப்பட்ட கிழவர், அந்தச் சபையின் அணையாத விளக்காக அத்தனை காலம் இருந்தார்.

அவருக்குப் பின் மகன்கள் வழியிலும் மகள் வழியிலும் சேனியா பரம்பரை என்று சங்கீதம் தொடர்ந்தது. ரபாப், பீன், சிதார், சரோத் வாசிக்கும் பெரிய குடும்பங்கள் பல தங்கள் வித்தையை அந்த வழியோடு இணைத்துக்கொள்கின்றன.

மும்பையிலிருந்து புறப்படும் பஞ்சாப் மெயிலும், சென்னைக்கும் டில்லிக்கும் ஓடும் தமிழ்நாடு எக்ஸ்பிரசும் குவாலியர் வழியாகத்தான் போகின்றன. ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் நம்மவர்கள் எத்தனையோ முறை அந்த ஸ்டேஷனில் தேநீர் குடித்திருப்பார்கள். அங்கே ஹஜீரா பகுதியில், சல்லடை போன்ற கல் ஜன்னல்கள் கொண்ட முகமது கவுஸின் பெரிய சமாதிக்குப் பக்கத்தில், தூண்கள் தாங்கிய ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. தான்சேன் அங்கேதான் உறங்குகிறார். அருகில் உள்ள புளியமரத்து இலையை மென்றால் குரல் இனிமையாகும் என்று பாடகர்கள் நம்புவது வழக்கம். 1924-ல் தொடங்கிய இசை விழா ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அவர் நினைவாக நடந்து வருகிறது. பெரிய வித்வான்கள் வந்து பாடுகிறார்கள்.

அங்கே பளிங்குச் சபை இல்லை, உருகிய கல் இல்லை. போட்டியில் தோற்ற தான்சேனும் இல்லை.